வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு அரை மணி நேரம் நம்ம உடம்பைப் பற்றிப் பேசுவோம். ஏன் என்றால், நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஒழுங்காகக் கடன் கட்டிக்கொண்டு வந்த உறுப்பினர் திடீரென்று நின்று போகிறார் என்றால், விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது பெரிய நோய். அல்லது அவருக்கே நோய். பத்து வருடச் சேமிப்பு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கரைந்து போகிறது.

புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று மூன்று நோய்களைப் பற்றி உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. இந்த மூன்றும் வேறு வேறு நோய்கள். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. தொடங்கும்போது வலிக்காது. வலிக்கிற நேரத்தில் பாதி தூரம் கடந்திருக்கும். ஆகவே "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்கிற கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறோம். அந்தப் பதில் வெளிநாட்டில் இருந்து வரவில்லை. நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தே வந்தது.

நம்ம மாவட்டத்தில் நடந்த ஆய்வு

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக நல மையம் இருக்கிறது. அவர்களும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000 ஆம் ஆண்டில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் நடந்தது. இங்கே இருக்கிற அறுபது வயதைத் தொட்ட அக்காமார் சிலருக்கு அது ஞாபகம் இருக்கலாம்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன்னே, நல்லா இருக்கிற பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு தடவை பரிசோதித்தால் உயிர்ச்சேதம் குறையுமா?

மாவட்டத்தில் 114 பகுதிகளைப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி 57 பகுதிகளைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். மீதி 57 பகுதிகளில் வழக்கமாக உள்ள மருத்துவ வசதி மட்டும். 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள் கணக்கில் வந்தார்கள். பரிசோதனைப் பகுதிகளில் 49,311 பேர், மற்ற பகுதிகளில் 30,958 பேர். 2006 வரை இவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2007 இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வெளிவந்தது.

பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் 83 பேர் இறந்தார்கள். நடக்காத பகுதிகளில் 92 பேர் இறந்தார்கள். "பெரிய வித்தியாசம் இல்லையே" என்று தோன்றும். ஆனால் முதல் கூட்டம் பெரிய கூட்டம், இரண்டாவது சின்னக் கூட்டம் என்பதைப் பார்க்கணும். ஒரு லட்சம் பெண்களுக்கு ஒரு வருடத்துக்கு எத்தனை சாவு என்று நம்ம வட்டிக் கணக்கு மாதிரி போட்டால், பரிசோதனை நடந்த இடத்தில் சுமார் 30, நடக்காத இடத்தில் சுமார் 51. வயது முதலான வித்தியாசங்களையும் சரிக்கட்டி ஆராய்ச்சியாளர்கள் சொன்னது: நோய் வருவது 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. 30 முதல் 39 வயதுக்காரர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது.

பெரிய மெஷின் எதுவும் இல்லை. நர்சுகளும், ஒரு விளக்கும், வினிகர் மாதிரியான ஒரு திரவமும்தான்.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "அப்போ மத்த ஊருப் பொம்பளைங்களையும் பார்த்திருக்கலாமே? அவங்க என்ன பாவம் செஞ்சாங்க?" நியாயமான கேள்வி. இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகள் பற்றி மருத்துவ நெறி பேசுகிறவர்களும் பின்னாளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். விவாதம் நடந்தது. பலன் உண்டா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பது ஒரு பக்கம். அந்த 92 பேரும் நம்ம மாவட்டத்துப் பெண்கள், யாரோ ஒருவருக்கு அம்மா, அக்கா என்பது இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் ஒன்று நிச்சயம். இவ்வளவு விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை நாமே பயன்படுத்தாமல் இருந்தால் அது மகா தப்பு.

வராதவர்கள் எத்தனை பேர்?

இந்த ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. நம்ம குழுக்களுக்கு இவைதான் முக்கியம்.

முதல் எண்: கூப்பிட்ட 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்கள் 17,968 பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை.

இரண்டாவது எண்: புற்றுநோய்க்கு முந்தைய நிலை இருக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 72 பேர். அதாவது, "உனக்கு இது இருக்கு, இப்பவே சரி பண்ணிடலாம்" என்று தெரிந்த பிறகும் 500 பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை.

இத்தனை பேர் விட்டுப்போயும் 35 சதவீதம் சாவு குறைந்தது. எல்லோரும் வந்து, வந்தவர்கள் எல்லோரும் சிகிச்சையை முடித்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன? 2007 இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுக்க விரிவாக்கியது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வசதி வந்துவிட்டது. நாம்தான் இன்னும் போகவில்லை.

ஏன் போகவில்லை?

எங்களிடம் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"வெட்கமா இருக்கு." உண்மைதான். ஆனால் பரிசோதனை செய்வது பெரும்பாலும் நர்சம்மாதான். மறைவான அறை. ஐந்து, பத்து நிமிட வேலை. படுக்கவைத்து, கர்ப்பப்பை வாயில் அந்தத் திரவத்தைப் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தூரமான நாளில் போக வேண்டாம், அது முடிந்து போங்கள்.

"கேன்சர்னு சொல்லிட்டா என்ன பண்றது?" வெள்ளையாகத் தெரிந்தால் கேன்சர் என்று அர்த்தம் கிடையாது. நம்ம மாவட்ட ஆய்வில் 3,088 பேருக்கு அப்படித் தெரிந்தது. மேல் பரிசோதனையில் பலருக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. பலருக்கு இருந்தது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த இடத்தைக் குளிர்ந்த வாயுவால் உறைய வைத்தோ, சூடு வைத்தோ, சிறிய அறுவை செய்தோ எடுத்துவிடலாம். வயல் ஓரத்தில் பார்த்தீனியம் பூ விடுமுன் பிடுங்கிப் போடுவது மாதிரி.

"கர்ப்பப்பையையே எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு." இதை நிறைய கேட்கிறோம். கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முந்தைய நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையே இல்லை. யாராவது எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடுமுன் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நடத்தையைப் பத்திப் பேசுவாங்க." இதைத்தான் பெண்கள் மெதுவாக, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு வழியாகப் பரவுவதுதான். ஆனால் சளி பிடிப்பது மாதிரி அவ்வளவு சாதாரணம். கல்யாணம் ஆன பெண்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு தடவை வந்து, தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். அவர்களுக்குத்தான் பிரச்சினை. ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் சர்டிபிகேட் இல்லை. குழுவில் யாராவது அப்படிப் பேசினால் அங்கேயே நிறுத்த வேண்டியது நம்ம கடமை.

இந்த வைரஸையே நேராகச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இப்போது தாராசிவ்) ஒரே ஒரு தடவை வைரஸ் சோதனை செய்ததில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2009 இல் தெரியவந்தது. எந்த முறை உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதோ அதைச் செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறோம். தூரம் நின்ற பிறகு ரத்தம் பட்டால், கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், முகாம் எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

நம்ம பெண் பிள்ளைகளுக்கு

அம்பிளிக்கைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஹெச்.பி.வி. தடுப்பூசி எத்தனை தடவை போட வேண்டும் என்று 2009 இல் இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஆய்வு தொடங்கினார்கள். அதில் அம்பிளிக்கையும் ஒன்று. 2010 இல், ஆந்திரா, குஜராத்தில் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில பிள்ளைகள் இறந்ததாகச் செய்தி வந்ததும், எல்லா ஆய்விலும் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. அந்த இறப்புகளுக்கு ஊசி காரணம் இல்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆனால் பெற்றோரிடம் சம்மதம் வாங்கிய முறையில் குறை இருந்தது என்றும் சொன்னார்கள். நம்மிடம் எதற்குக் கையெழுத்துக் கேட்டாலும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்பது அதில் நமக்குப் பாடம்.

திடீரென்று நிறுத்தியதால் பல பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். அவர்களை விட்டுவிடாமல் பத்து வருடம் வரை கவனித்தார்கள். மூன்று ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒரே ஊசி போட்டவர்களுக்கும் ஏறக்குறைய கிடைத்தது என்று 2021 இல் தெரியவந்தது. ஒரு ஊசியும் போதும் என்று 2022 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு நம்ம மாவட்டப் பிள்ளைகள் கலந்துகொண்ட இந்த ஆய்வும் ஒரு ஆதாரம். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுவது நல்லது. உங்கள் பகுதியில் எங்கே, எந்த வயதுக்குப் போடுகிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிள்ளையும் முப்பது வயதுக்குப் பிறகு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பிரசரும் இதே கதைதான்

இப்போது பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வருவோம். 32 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, பக்கவாதம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. பத்துப் பக்கவாதத்தில் ஒன்பதுக்கு, நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள்தான் அடிப்படை என்று சொன்னார்கள். அதில் முதல் காரணம் ரத்த அழுத்தம். நாம் பிரசர் என்கிறோமே, அதுதான். அது மட்டும் இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதி பக்கவாதம் குறையும். சர்க்கரை, புகை, குடி, உடல் உழைப்புக் குறைவு, இடுப்புச் சதை, கெட்ட கொழுப்பு, சாப்பாட்டு முறை, மனக்கவலை, இருதயக் கோளாறு ஆகியவை மற்றவை.

பிரசரும் வலிக்காது. மில்லில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவருக்கும் இருக்கும், விடியற்காலையில் பூப்பறிக்கப் போகிறவருக்கும் இருக்கும். "நான் உழைக்கிறவ, எனக்கு எப்படி பிரசர் வரும்?" என்று நினைக்கக் கூடாது. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வேறு வேறு நாளில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

இங்கேயும் அந்த இரண்டு எண்களின் கதைதான். பார்க்காதவர்கள் ஒரு பக்கம். பார்த்து, மாத்திரை வாங்கி, பாதியில் விட்டவர்கள் இன்னொரு பக்கம். "ஒரு மாசம் போட்டேன், சரியாப் போச்சு, நிறுத்திட்டேன்" என்கிறார்கள். மாத்திரை போட்டதால்தான் அளவு சரியாக இருந்தது. நிறுத்தினால் மறுபடியும் ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரசர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்தவர்களில் நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான் இருந்தார்கள். கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் சேர்த்தி. கஞ்சிக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது: இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். மந்திரிக்க, எண்ணெய் தேய்க்க நேரம் போக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், காரணமில்லாத வியர்வை என்றாலும் அப்படியே.

வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்குகூட வாய்ப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி முகமை 2003 இலேயே முடிவு செய்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே, புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005 இல் வெளிவந்தது. வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஒருவரைத் தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டார். நாலு பேர் சேர்ந்தால் போய்விடுவார். பேங்குக்கு முதன்முதலில் போனது நமக்கு ஞாபகம் இல்லையா? கவுண்டர் முன்னால் நிற்கவே பயந்தோம். குழுவாகப் போனதால் பழகியது. அதே வழியை இதற்கும் வைத்துக்கொள்வோம்.

1. உறுப்பினர்களில் 30 வயது நிறைந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. பிரசர், சுகர் வருடத்துக்கு ஒரு தடவையாவது.

2. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாள் பரிசோதனை என்று பிரதிநிதி முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். நாலைந்து பேராகப் போங்கள்.

3. நோட்டில் "போனாரா, மறுபடியும் போகணுமா, போய்விட்டாரா" என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். என்ன முடிவு வந்தது என்று எழுத வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அது அவருடைய சொந்த விஷயம்.

4. மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால் ஒரு உறுப்பினர் துணைக்குப் போகட்டும். அன்றைய கூலி போகும், பஸ் செலவு ஆகும். அதற்குச் சுழல் நிதியில் இருந்து அவசரக் கடன் தருவதாகத் தீர்மானம் போட்டு வையுங்கள். பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

5. உறைய வைக்கும் சிகிச்சை எடுத்தவருக்குச் சில வாரம் தண்ணீர் மாதிரிப் படும். ஏறக்குறைய ஒரு மாதம் கணவனோடு சேரக் கூடாது. இதை வீட்டில் சொல்லச் சிரமம் என்றால், கணவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள், நர்சம்மா எடுத்துச் சொல்வார்.

கடன் தவணை ஒரு வாரம் தவறினால் வீடு தேடிப் போகிறோம். பரிசோதனைக்கு வராத உறுப்பினரின் வீட்டுக்கும், சிகிச்சையைப் பாதியில் விட்டவரின் வீட்டுக்கும் அதே மாதிரி போவோம். திட்டப் போக வேண்டாம். "நானும் வர்றேன், வாங்க அக்கா" என்று சொல்லப் போவோம். இருபது வருடத்துக்கு முன்னால் 17,968 பேர் வரவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு குரல் கேட்டிருந்தால் பலர் வந்திருப்பார்கள் என்றுதான் நாங்கள் நம்புகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் அந்தப் பட்டியலோடு வாருங்கள். எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணிக்கையைச் சேமிப்புக் கணக்கோடு சேர்த்து வாசிப்போம்.